பாஸ் மீன்பிடிப்பு: எந்தப் பருவத்தில் எங்கே, எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் அதிகம் தேடிப் போகும் மீன் லார்ஜ்மவுத் பாஸ். அதற்கு அடுத்தது ஸ்மால்மவுத் பாஸ். டெக்சஸ் நீர்த்தேக்கங்களையும் தெற்கு ஒண்டாரியோ ஏரிகளையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு இடங்களிலும் தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், வார இறுதியில் கரையில் ராடுடன் (தூண்டில் கோல்) நிற்பவர்களும் கூடி வருகிறார்கள். மீன் ஒன்றுதான், ஆனால் டெக்சஸில் மார்ச்சில் நடப்பது ஒண்டாரியோவில் மே கடைசியில்தான் நடக்கும். அதனால் மாதத்தைச் சொல்லும் இடங்களிலெல்லாம் தண்ணீரின் சூட்டையும் சொல்லியிருக்கிறோம்.

கடையில் ‘சீ பாஸ்’ என்று விற்கும் கொடுவாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் வளரும் வேறு குடும்பத்து மீன். பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. லார்ஜ்மவுத்தும் ஸ்மால்மவுத்தும் நன்னீர் ‘சன்ஃபிஷ்’ குடும்பம். குளக்கரையில் குழந்தைகள் மண்புழு போட்டுப் பிடிக்கும் சின்ன புளூகில் மீன் இவற்றுக்குப் பங்காளி. அந்தப் பங்காளியையே பிடித்துத் தின்றுதான் பெரிய பாஸ் வளர்கிறது.

லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயை மூடிப் பாருங்கள். மேல்தாடையின் கடைசி முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத். கண்ணுக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ நின்றுவிட்டால் ஸ்மால்மவுத். லார்ஜ்மவுத் பச்சை நிறம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை நீளவாக்கில் ஓடும், முதுகுத் துடுப்பு நடுவில் ஆழமாகப் பிளந்திருக்கும். ஸ்மால்மவுத் வெண்கல நிறம், கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கும், கண் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். லார்ஜ்மவுத்துக்குப் பாசியும் நிழலும் பிடிக்கும். ஸ்மால்மவுத்துக்குப் பாறையும் குளிர்ந்த தெளிந்த நீரும் பிடிக்கும்.

எந்த மாதம் போனால் நல்லது?

மாதத்தைக் கேட்பதைவிடத் தண்ணீரின் சூட்டைக் கேளுங்கள். பாஸ் குளிர் ரத்தப் பிராணி. எங்கே நிற்பது, எவ்வளவு தின்பது, எப்போது முட்டையிடுவது என்பதையெல்லாம் தண்ணீர்தான் அதற்குச் சொல்கிறது. லூர் (செயற்கை இரை) வாங்கச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல வெப்பமானிக்குச் செலவழித்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

தோராயக் கணக்கு இது. 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (7 செல்சியஸ்) கீழே மீன் மந்தமாகக் கிடக்கும். 48 தாண்டியதும் ஆழத்திலிருந்து கரையை நோக்கி நகரத் தொடங்கும். 58 முதல் 65 வரை ஸ்மால்மவுத் கூடு கட்டும் காலம், 62 முதல் 70 வரை (17 முதல் 21 செல்சியஸ்) லார்ஜ்மவுத் கூடு கட்டும் காலம். 80ஐத் தாண்டினால் கோடைப் பழக்கம். இலையுதிர்காலத்தில் 70க்குக் கீழே இறங்கும்போது மறுபடி பெருந்தீனி. டெக்சஸில் முட்டைப் பருவம் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். தெற்கு ஒண்டாரியோவில் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை. பெரிய மீன் வேண்டுமென்றால், கூடு கட்டுவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களுக்கு ஈடான காலம் ஆண்டில் வேறு இல்லை. பெண் மீன் சினையோடு உச்ச எடையில் இருக்கும், பசியும் இருக்கும்.

படகு இல்லாமல் தண்ணீரின் சூட்டை எப்படி அளப்பது?

சமையலறை வெப்பமானியை ஒரு நூலில் கட்டி, ஒரு கை ஆழத்தில் இரண்டு நிமிடம் விடுங்கள். வெயில் படும் ஓரத்தில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை. இரண்டுக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால், வசந்தகாலத்தில் அந்தச் சூடான மூலைதான் உங்கள் இடம். மேல்தண்ணீர் பிற்பகலில் ஏமாற்றும் என்பதால் காலையில் எடுத்த அளவையே நம்புங்கள்.

வசந்தகாலத் தொடக்கத்தில் எங்கே தேடுவது?

ஏரியின் வடக்குக் கரையில் உள்ள குடாக்களில் தொடங்குங்கள். தெற்கிலிருந்து சாய்ந்து விழும் வெயில் அங்கேதான் அதிக நேரம் படும், வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றும் அங்கே தண்ணீரைக் கலக்காது. மற்ற இடங்களைவிட அங்கே சூடு முன்கூட்டியே ஏறும்.

பாஸ் ஒரேயடியாகக் கரைக்கு வந்துவிடாது. குளிர்காலம் கழித்த ஆழத்துக்கும் கூடு கட்டப்போகும் மேட்டுக்கும் இடையில் நின்று நின்று வரும். குடா வாயில் தண்ணீருக்குள் நீளும் முனை, ஓடையின் பழைய பள்ளம் கரையை ஒட்டி வளையும் இடம், பாசி முடியும் விளிம்பு, இவைதான் அது தங்கும் இடங்கள். 5 முதல் 12 அடி ஆழம். டெக்சஸில் இந்தக் காலத்துக்கு அரை அவுன்ஸ் (14 கிராம்) லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (முன்தகடு இல்லாத மீன் வடிவ லூர்), சிவப்பு கிராஃபிஷ் (நன்னீர்ச் சிங்கிறால்) நிறத்தில். ஹைட்ரில்லா பாசியின் தலையில் அது சிக்கும்படி இழுத்து, சிக்கியதும் ராடை வெடுக்கென்று சுண்டி விடுவியுங்கள். பாசியிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் அந்த நொடியில்தான் பெரும்பாலான கடி விழும். சிக்காமல் சுத்தமாக வருகிறது என்றால் நீங்கள் தேவையைவிட உயரத்தில் இழுக்கிறீர்கள்.

தண்ணீர் 50க்கும் கீழே, தெளிவாகவும் இருந்தால் ஜெர்க்பெய்ட் (ஒல்லியான, நீண்ட மீன் வடிவ லூர்) எடுங்கள். இரண்டு சுண்டு, பிறகு ஐந்து முதல் பத்து வினாடி அசையாமல் விடுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் கடிக்கும். பொறுக்காமல் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.

கூட்டில் இருக்கும் மீனைப் பிடிக்கலாமா?

ஆண் மீன் வாலால் சேற்றைத் துடைத்து, ஒன்று முதல் நான்கு அடி ஆழத்தில் வட்டமான வெளிறிய குழி செய்யும். தெளிந்த ஏரியில் இன்னும் ஆழத்திலும் செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரிய இரண்டு முதல் ஐந்து நாள், அதன் பிறகும் குஞ்சுகள் கலைந்து போகும்வரை ஆணே காவல். அந்த நாட்களில் அது பசிக்காகக் கடிப்பதில்லை, கூட்டுக்குள் வந்த எதையும் வாயால் எடுத்து வெளியே போடத்தான் கடிக்கிறது. அதனால்தான் பிடிப்பதும் சுலபம்.

அந்த ஆணைத் தூக்கிய சில நிமிடங்களுக்குள் புளூகில் கூட்டம் முட்டையைத் தின்றுவிடும். ஸ்மால்மவுத் ஏரிகளில் அந்த வேலையை கோபி எனும் சிறுமீன் செய்யும். தெற்கு ஒண்டாரியோவின் பெரும்பகுதியில் பாஸ் பருவம் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கிறது, காரணம் இதுவே. டெக்சஸில் மூடிய பருவம் கிடையாது, சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் கூட்டை விட்டுவிட்டு, பக்கத்து ஆழத்தில் இன்னும் வந்து சேராத மீனைத் தேடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். பிடித்தே ஆகிவிட்டால், அதே இடத்தில், உடனே விடுங்கள். படகில் ஏற்றி ஏரியின் மறுகோடியில் விட்டால் கூடு போனது போனதுதான்.

முட்டைப் பருவம் முடிந்ததும் ஒரு வாரம் எதுவுமே கடிக்கவில்லையே?

பெண் மீன் களைத்துப் போய் அருகிலுள்ள முதல் ஆழத்தில் சும்மா நிற்கும். அதைத் துரத்தாதீர்கள். அந்த வாரங்களில் ஷேட் எனும் வெள்ளிச் சிறுமீன் விடியற்காலையில் கரைக்கற்கள், படகுத்துறை மிதவைகள் மேல் முட்டையிட வரும். சூரியன் ஏறிய அரைமணி ஒரு மணி நேரத்துக்குள் அது முடிந்துவிடும், அதற்குள் அங்கே இருக்க வேண்டும். வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு கோத்த லூர்) அல்லது மேல்நீரில் நடக்கும் லூர் போதும். பிறகு புளூகில் கூடு கட்டும். குடாவின் மேட்டில் தேன்கூடுபோல் சின்னச் சின்னக் குழிகள் நெருக்கமாகத் தெரிந்தால், அதன் ஆழமான ஓரத்தில் பெரிய பாஸ் ஒன்று காத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் நண்பகலில் மீன் எங்கே போகிறது?

இரண்டே வழி: ஆழம் அல்லது நிழல்.

ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. கோடையில் ஏரி தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சூடான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். இரண்டும் கலக்காததால் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பல நீர்த்தேக்கங்களில் இந்தப் பிரிவு 15 முதல் 25 அடிக்குள் இருக்கும். மீன்காட்டும் கருவியின் உணர்திறனைக் கூட்டினால் திரையில் மங்கலான கிடைக்கோடாக அது தெரியும். அதற்குக் கீழே 40 அடியில் லூர் போடுவது காலி வீட்டில் கதவைத் தட்டுவது மாதிரி. அந்தக் கோட்டின் உயரத்தில் தரையைத் தொடும் முனை, நீருக்குள் மூழ்கிய மேடு, பழைய ஆற்றுப்பள்ளத்தின் விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். மீன் அங்கே கூட்டமாக நிற்கும். ஒன்று கிடைத்தால் அதே கோணத்தில் அதே இடத்துக்கு உடனே திரும்ப வீசுங்கள். 10 அங்குல ரப்பர் புழுவை டெக்சஸ் ரிக்கில் (கட்டும் முறை கீழே) அரை அவுன்ஸ் எடையோடு இழுப்பது, 15 முதல் 20 அடி வரை முங்கும் கிராங்க்பெய்ட் தரையில் முட்டும்படி இழுப்பது, இரண்டும் சோதித்துத் தேறியவை. கிராங்க்பெய்ட் தரையிலோ கட்டையிலோ முட்டித் திசைமாறும்போதுதான் கடிக்கும். முட்டவில்லையென்றால் பயனில்லை.

நிழல் என்பது படகுத்துறையின் அடி, சாய்ந்த மரம், அல்லி இலைக் கூட்டம், பாசி மெத்தை. இரண்டடித் தண்ணீர்தானே என்று ஒதுக்காதீர்கள். மேலே மூடிய பாசிக்கு அடியில் வெயில் படாது, இரையும் அங்கேயே இருக்கும்.

பாசி மேல் தவளை லூர் போடுவது எப்படி?

ஊரில் விராலுக்குத் தவளை போட்டவர்களுக்கு இது பாதி தெரிந்த வித்தைதான். உள்ளே வெற்றிடமாக, இரண்டு முள்ளும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும் ரப்பர் தவளை. பாசியில் சிக்காது, மீன் கடித்து நசுக்கினால்தான் முள் வெளியே வரும்.

இங்கே மெல்லிய கருவி செல்லாது. 7 அடி 3 அங்குலம் ஹெவி ராட், 50 முதல் 65 பவுண்டு பிரெய்ட் (பின்னிய) நரம்பு, டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் பிடி) முழு இறுக்கம். பாசியோடு சேர்த்து இரண்டு மூன்று கிலோவைக் கிளப்ப வேண்டியிருக்கும், நைலான் நரம்பு நீண்டு கொடுத்து மீனைப் பாசிக்குள்ளேயே புதைத்துவிடும்.

எந்தப் பாசியில் போடுவது என்பதுதான் முக்கியம். நின்று காது கொடுங்கள். அடியில் ‘சப், சப்’ என்று புளூகில் பூச்சி உறிஞ்சும் சத்தம் கேட்டால் அந்தப் பாசி உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லாத, மட்கி நாறும் பாசியைத் தாண்டிப் போங்கள். ஓட்டை, விளிம்பு, இரண்டு வகைச் செடிகள் சந்திக்கும் இடம் ஆகியவற்றைத் தாண்டி வீசி, சின்னச் சின்னச் சுண்டலாக இழுத்து, ஓட்டை வந்ததும் மூன்று நான்கு வினாடி நிறுத்துங்கள்.

தண்ணீர் வெடித்ததும் ராடைத் தூக்குவதுதான் எல்லோருக்கும் நடக்கும் பிழை. மீன் பாசியோடு சேர்த்துக் குத்துமதிப்பாகத்தான் கடிக்கிறது. நரம்பில் கனம் தெரியும்வரை ஒரு வினாடி, இரண்டு வினாடி பொறுங்கள். கனம் தெரிந்ததும் முழு பலத்தோடு மேலே இழுத்து, நிறுத்தாமல் சுற்றுங்கள். அதன் தலை பாசிக்கு மேலே வந்துவிட வேண்டும். அடிக்கடி தவறினால் தவளையின் முள்களை இடுக்கியால் மிகச் சிறிது வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் பிதுக்கி எடுங்கள், கனத்த தவளை முங்கிவிடும்.

(ஊர் நினைவில் விராலை உயிரோடு கொண்டுவந்து விட நினைப்பவர்களுக்கு: அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 2002 முதல் உயிருள்ள விரால் இனங்களை இறக்குமதி செய்வது குற்றம்.)

இலையுதிர்காலத்தில் ஏரி திடீரென்று ‘செத்துப்போகிறதே’, ஏன்?

மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்கும்போது கோடை முழுதும் பிரிந்திருந்த இரண்டு அடுக்கும் கலந்துவிடும். அடியிலிருந்த ஆக்சிஜன் இல்லாத நீரும் மட்கிய குப்பையும் மேலே வரும். தண்ணீர் பழுப்பாகி, அழுகிய முட்டைபோல் லேசாக நாறும். ஏழெட்டு நாள் முதல் இரண்டு வாரம் வரை மீன் ஒழுங்காகக் கடிக்காது. அப்போது ஆழமில்லாத குடாவின் கடைசிக்கோ ஆறு வந்து சேரும் பகுதிக்கோ போங்கள். அங்கே ஆழமே இல்லாததால் இந்தக் கலக்கமும் இல்லை.

அதே நேரம் ஷேட் கூட்டமும் ஓடை வழியாகக் குடாவின் உள்கோடிக்குப் போகும், பாஸ் பின்னாலேயே போகும். நீர்ப்பரப்பில் ஷேட் சிதறுவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத குடாவில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். ஸ்கொயர்பில் (சதுர முன்தகடு உள்ள) கிராங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட் போன்று வேகமாகத் தேடும் லூர்களின் காலம் இது. இரையின் அளவுக்கு லூரின் அளவு ஒத்திருக்க வேண்டும். ஷேட் இரண்டு அங்குலமாக இருக்கும்போது ஐந்து அங்குல லூரை மீன் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

குளிர்காலத்தில் போகலாமா?

ஒண்டாரியோவில் ஏரி உறைந்துவிடும், பாஸ் பருவமும் பெரும்பாலான இடங்களில் மூடிவிடும். டெக்சஸில் தாராளமாகப் போகலாம், பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை. செங்குத்தான பாறைக்கரை, அணைக்கட்டு ஓரம், ஆழம் சட்டென்று விழும் முனை. கால் அவுன்ஸ் ஜிக்கை (தலையில் எடை வார்த்த முள்) தரையில் மெதுவாக உருட்டுங்கள். கடி என்பது இழுப்பாக வராது, ஈரத்துணி தொங்குவதுபோல் ஒரு கனமாகத்தான் தெரியும். பெரிய மீனுக்கு இது நல்ல காலம். டெக்சஸ் அரசின் ஷேர்லங்கர் திட்டம் 1986 முதல் நடக்கிறது. 13 பவுண்டுக்கு மேற்பட்ட உயிருள்ள பாஸை இனப்பெருக்கத்துக்காக இரவல் பெற்றுக்கொள்ளும் அதன் பருவம் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை.

நேற்று அள்ளினோம், இன்று ஒன்றுகூட இல்லை. என்ன நடந்தது?

பெரும்பாலும் இரவில் குளிர்காற்று இறங்கியிருக்கும். அது வருவதற்கு முந்தைய நாள் மேகமும் காற்றும் சேர்ந்து மீன் வெறிகொண்டு தின்னும். மறுநாள் வானம் துடைத்ததுபோல் நீலம், காற்றில்லை, வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும். மீன் இடம்பெயர்ந்து வெகுதூரம் போவதில்லை. பக்கத்திலிருக்கும் கட்டை, பாசி, படகுத்துறைக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், துரத்தாது. அதனால் நேற்றைய இடத்திலேயே, சின்ன லூரோடு, மறைவிடத்தை உரசும்படி வீசி, மெதுவாக. முகத்திற்கு ஓரடி தள்ளி விழுந்தால்கூட அது நகராது.

முதல் ராட், ரீல் எது வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் ஸ்பின்னிங்: 7 அடி மீடியம் ராட், 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்ட், அதன் முனையில் 8 பவுண்டு ஃபுளூரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு) ஆறு முதல் எட்டு அடி. இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். ஃபுளூரோகார்பன் முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து இறுகினால் உராய்வுச் சூட்டில் நரம்பு வெந்து, நல்ல மீன் வரும்போது முடிச்சிலேயே அறுந்துவிடும். ரீல் விளிம்புக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைவாக நரம்பு சுற்றுங்கள், அதிகமானால் சுருள் சுருளாகக் கொட்டும்.

இரண்டாவதாக வாங்கும்போது பெய்ட்காஸ்டர் (வீசும்போது ஸ்பூல், அதாவது நரம்புச் சுருளே சுழலும் ரீல்): 7 அடி மீடியம் ஹெவி, 15 பவுண்டு ஃபுளூரோகார்பன்.

பெய்ட்காஸ்டரில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்குகிறது. எப்படித் தவிர்ப்பது?

லூர் ஓடும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழல்வதால்தான் சிக்கு. லூரைக் கட்டி, ராடை நேராகப் பிடித்து, பொத்தானை அழுத்தி விடுங்கள். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டவுடன் ஸ்பூல் நிற்கும்வரை பக்கத்துத் திருகை இறுக்குங்கள். லூர் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். பிரேக்கை முதலில் முக்கால்வாசி வையுங்கள், கை பழகப் பழகக் குறையுங்கள். லூர் தண்ணீரைத் தொடுமுன் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்துங்கள். எதிர்காற்றில் பிரேக்கைக் கூட்டித் தாழ்வாக வீசுங்கள். பழகும்போது அரை அவுன்ஸ் லூர் போடுங்கள், லேசானதில் பழகினால் வெறுத்துவிடும்.

டெக்சஸ் ரிக் கட்டும் முறை?

தேவை: கால் அவுன்ஸ் (7 கிராம்) தோட்டா வடிவ எடை, 3/0 அல்லது 4/0 அளவு வளைகழுத்து முள், 6 அங்குல ரப்பர் புழு.

1. எடையின் கூர்முனை ராட் பக்கம் இருக்கும்படி நரம்பில் கோத்து, பிறகு முள்ளைக் கட்டுங்கள்.
2. முள்முனையைப் புழுவின் தலை நடுவில் கால் அங்குலம் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள்.
3. புழுவை முள்ளின் கழுத்துவரை ஏற்றி, முள்ளை அரைவட்டம் திருப்புங்கள்.
4. புழுவை நேராகத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எங்கே படுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் குறுக்கே குத்தி மறுபக்கம் எடுங்கள்.
5. முனையைப் புழுவின் தோலுக்குள் மட்டும் மயிரிழை செருகுங்கள். பாசியில் சிக்காது.

புழு வளைந்து நின்றால் பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும், மீனும் தொடாது. நான்காவது படியில் இடத்தைத் தள்ளிக் குத்துவதால் வருவது அது. பிரித்து மறுபடி குத்துங்கள்.

வீசியபின் நரம்பு சற்றுத் தளர்வாகவே இறங்கட்டும். முதல் இறக்கத்திலேயே பாதிக் கடி வரும், அதைக் கையைவிட நரம்பில்தான் கண்ணால் காண முடியும்: ஒரு துள்ளல், பக்கவாட்டு நகர்வு, அல்லது தரை வருமுன்பே நின்றுபோவது.

எதுவும் வேலை செய்யாதபோது?

வாக்கி ரிக். 5 அங்குலக் குச்சிப்புழுவின் நடுவில் ரப்பர் வளையம் மாட்டி, வளையத்துக்குள் 1 அல்லது 1/0 முள். எடையே வேண்டாம். வீசிவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு முனையும் துடித்துக்கொண்டே இறங்கும். தரை தொட்டதும் ஒருமுறை தூக்கி மறுபடி விடுங்கள். வளையம் இல்லாமல் குத்தினால் இரண்டு மீனுக்கு ஒரு புழு கிழியும். ஒரு எச்சரிக்கை: தளர்ந்த நரம்பில் கவனிக்காமல் விட்டால் மீன் தொண்டைவரை விழுங்கிவிடும். நரம்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

மாட்டிய மீன் பாதி வழியில் கழன்றுவிடுகிறதே?

லூரைப் பொறுத்தது. ஒற்றை முள் ரப்பருக்குள் மறைந்திருந்தால் தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டுப் பலமாக இழுக்க வேண்டும். மும்முனை முள் உள்ள கிராங்க்பெய்ட்டில் அப்படி இழுத்தால் வாய் கிழியும். அங்கே ராடைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் தானே தைக்கும். மீன் குதிக்கப் போவது தெரிந்தால் (நரம்பு தண்ணீரில் மேல்நோக்கி ஏறும்) ராட் முனையைத் தண்ணீருக்கு அருகே தாழ்த்துங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் கழன்றால் முள் மழுங்கியிருக்கிறது. நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றுங்கள்.

லூர் நிறம் முக்கியமா?

இடத்துக்கும் ஆழத்துக்கும் வேகத்துக்கும் பிறகுதான். தெளிந்த நீருக்குக் கிரீன் பம்ப்கின் (பழுப்பு கலந்த பச்சை), கலங்கலுக்குக் கறுப்பு-நீலம், ஷேட் இருக்கும் இடத்தில் வெள்ளை. இந்த மூன்றோடு ஓராண்டு ஓட்டலாம்.

சிம்கோ ஏரியில் ஸ்மால்மவுத்துக்கு என்ன போடுவது?

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்தில் இருக்கும் சிம்கோ பெரிய ஸ்மால்மவுத்துக்குப் பேர்போனது. அங்கே வந்தேறிய உருண்டை கோபி மீன்தான் இப்போது அதன் முக்கியத் தீனி. கோபிக்குக் காற்றுப்பை இல்லை, தரையோடு தரையாகத்தான் நகரும். எனவே லூரும் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். பழுப்பு நிற டியூப் (குழாய் வடிவ ரப்பர் லூர்), நெட் ரிக் (காளான் தலை எடையில் சின்ன ரப்பர் புழு), அல்லது டிராப் ஷாட் (அடியில் எடை, அதற்கு மேலே முள்). டிராப் ஷாட்டுக்குப் பாலமர் முடிச்சில் முள்ளைக் கட்டி, மீதி நரம்பை முள்ளின் கண்ணுக்குள் மேலிருந்து கீழாக ஒருமுறை விடுங்கள், முள் நேராக நீட்டி நிற்கும். 10 முதல் 12 அங்குலம் கீழே எடை. 20 அடிக்கு மேல் ஆழம் என்றால் எடை 3/8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 10.6 கிராம். எடையைத் தரையில் ஊன்றியபடியே முனையை மெல்ல நடுங்கவிடுங்கள். கோபியை உயிரிரையாக வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் ஒண்டாரியோவில் தடை.

கரையிலிருந்து மட்டுமே பிடிப்பவர்களுக்கு?

எல்லோரும் ஏரியின் நடுவைப் பார்த்து வீசுகிறார்கள். மீன் பெரும்பாலும் உங்கள் காலடியிலிருந்து பத்தடிக்குள் இருக்கும். முதல் வீச்சு கரைக்கு இணையாக, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. அப்புறம் விசிறிபோல் விரித்து வீசுங்கள். பத்து வீச்சுக்கு ஒன்றும் இல்லையென்றால் முப்பது அடி நடங்கள். தடதடவென்று நடக்க வேண்டாம், மண்ணின் அதிர்வு மீனுக்குத் தெரியும். பழுப்புக் கண்ணாடி போட்ட போலரைஸ்டு மூக்குக்கண்ணாடி ஒன்று அவசியம், பாசி விளிம்பும் கூடும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

சாப்பிடலாமா?

சாப்பிடலாம். வெள்ளைச் சதை, முள் குறைவு, வறுவலுக்கு நன்றாக இருக்கும். தோலையும் அதன் அடியிலுள்ள கருஞ்சிவப்புச் சதையையும் நீக்கினால் கோடைச் சேற்றுவாடை போய்விடும். ஆனால் பெரியதை விட்டுவிட்டுச் சட்ட அளவுக்குச் சற்று மேற்பட்ட சின்னதை எடுங்கள். பெரிய மீன் பல ஆண்டுகள் மற்ற மீன்களைத் தின்று வளர்ந்தது, பாதரசம் அதில்தான் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எவ்வளவு உண்ணலாம் என்பதை ஒண்டாரியோ அரசு ஏரிவாரியாக வெளியிடுகிறது, பார்த்துவிட்டுச் சமையுங்கள். இன்னொன்று: குளிர்நாட்டு ஏரியில் மீன் மெதுவாக வளரும். டெக்சஸில் இரண்டு மூன்று ஆண்டில் எட்டும் 14 அங்குலத்தை ஒண்டாரியோவில் எட்ட அதைப்போல் இரட்டிப்புக் காலம் பிடிக்கும்.

விடும்போது கவனிக்க வேண்டியவை?

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். கீழுதட்டைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடலாம். படுக்கைவாட்டில் பிடிப்பதானால் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். உதட்டை மட்டும் பிடித்துச் சாய்த்தால் பெரிய மீனின் தாடை எலும்பு நழுவும், பிறகு அதனால் தின்ன முடியாது. படம் எடுப்பதெல்லாம் அரை நிமிடத்துக்குள். தொண்டையில் முள் இறங்கியிருந்து எளிதில் வராவிட்டால் பிடுங்காதீர்கள், நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள். பிழைக்க வாய்ப்பு அதில்தான் அதிகம். 30 அடிக்குக் கீழிருந்து தூக்கிய மீனுக்குக் காற்றுப்பை உப்பி மிதந்து செத்துப்போகும், எனவே விடும் எண்ணம் இருந்தால் அந்த ஆழத்தில் பிடிக்க வேண்டாம்.

உரிமம், அளவு விதிகள்?

டெக்சஸில் 17 வயதிலிருந்து உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காவின் கரையிலிருந்து பிடிக்க மட்டும் வேண்டாம், ஆனால் அளவு விதி அங்கும் உண்டு. லார்ஜ்மவுத் பொதுவாகக் குறைந்தது 14 அங்குலம், நாளுக்கு ஐந்து. வாயை மூடி, வாலைக் கூட்டிப் பிடித்து அளக்க வேண்டும். ஏரிக்கு ஏரி மாறும்: லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளவற்றை விட்டே ஆக வேண்டும், 24க்கு மேல் ஒன்றுதான் எடுக்கலாம். 1992இல் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு மீன் கிடைத்தது அந்த ஏரியில்தான். ஒண்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை அவுட்டோர்ஸ் கார்டு எனும் அரசு அட்டையும் மீன்பிடி உரிமமும் வேண்டும். எண்ணிக்கையும் திறக்கும் தேதியும் மண்டலத்துக்கு மண்டலம் வேறு, ஆண்டுதோறும் திருத்தப்படுபவை, ஆகவே கிளம்பும் வாரத்தில் பாருங்கள். படகோ பக்கெட்டோ ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் தண்ணீரை முழுக்க வடித்து, ஒட்டிய பாசியைப் பிய்த்து, காயவைத்தே கொண்டுபோங்கள்.